வெள்ளிக் கம்பியும் வெண்ணிற வீழ்படிவும்: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த வேதியியல் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. மின்கலத்தின் மின்னழுத்தத்தை அளந்து, நீரில் எளிதில் கரையாத ஓர் உப்பின் கரைதிறன் பெருக்கத்தை, அதாவது அதன் தெவிட்டிய கரைசலில் இருக்கும் அயனிகளின் செறிவுகளைப் பெருக்கினால் வரும் எண்ணைக் கண்டறிவது எப்படி, அப்படிக் கண்டறிந்த எண் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஏன் ஒத்துப்போவதில்லை என்பதே அந்தப் பொருள். செய்முறைத் தேர்வுகள் நெருங்கும் பருவம் என்பது காரணமாக இருக்கலாம். ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஒரு பீக்கரில் 0.01 மோலார் சில்வர் நைட்ரேட் கரைசலையும், மற்றொன்றில் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலையும் எடுத்து, இரண்டாவதில் இரண்டு துளி சில்வர் நைட்ரேட் விட்டு, இரண்டிலும் வெள்ளிக் கம்பியை அமிழ்த்தி, உப்புப்பாலத்தால் (கரைசல்கள் கலக்காமல் அயனிகள் மட்டும் கடக்க உதவும், உப்பு நிரப்பிய குழாயால்) இணைத்தோம். வாட்டர் பாத்தில் 25 டிகிரி செல்சியசில் 0.390 வோல்ட் கிடைத்தது. கணக்கிட்டால் சில்வர் குளோரைடின் கரைதிறன் பெருக்கம் 2.6 × 10⁻¹⁰ என்று வருகிறது, புத்தகத்தில் 1.8 × 10⁻¹⁰ என்று இருக்கிறது. "ரீடிங்கை 0.399 என்று மாற்றி எழுதிக்கொள், சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டார்கள். நான் செய்த தவறு என்ன?
(பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு மாணவி, காரைக்குடி)

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. 0.390 என்பதை அடித்துவிட்டு 0.399 என்று எழுதியிருந்தால் அதை மீண்டும் 0.390 ஆக்கிவிடுங்கள். உங்கள் பதிவேட்டில் மிகச் சரியாக இருப்பதே அந்த எண்தான்.

முதலில் உங்கள் கணக்கை மற்ற வாசகர்களுக்காக ஒருமுறை நடத்திக் காட்டுகிறேன். இரண்டு பீக்கரிலும் இருப்பது ஒரே உலோகம், ஒரே அயனி. வேறுபடுவது அயனியின் செறிவு மட்டுமே. இத்தகைய செறிவு மின்கலத்தில், இரு பக்கத்துச் செறிவுகளின் விகிதத்திற்கு 10-ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுத்து, 25 டிகிரியில் 0.05916 வோல்ட்டால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும் என்பதே நெர்ன்ஸ்ட் சமன்பாடு இங்கே சொல்லும் செய்தி. எனவே 0.390-ஐ 0.05916-ஆல் வகுத்தால் 6.592, 10-இன் அடுக்காக 6.592-ஐ எடுத்தால் ஏறத்தாழ 39 லட்சம். அதாவது முதல் பீக்கரில் உள்ள வெள்ளி அயனி, குளோரைடு பீக்கரில் உள்ளதைப் போல் 39 லட்சம் மடங்கு. 0.01-ஐ அந்த எண்ணால் வகுத்தால் குளோரைடு பீக்கரின் வெள்ளி அயனிச் செறிவு 2.56 × 10⁻⁹ மோலார். அதைக் குளோரைடின் 0.1-ஆல் பெருக்கினால் 2.56 × 10⁻¹⁰. கணக்கில் பிழையே இல்லை.

பிழை இருப்பது ஓர் அனுமானத்தில். வெள்ளிக் கம்பி செறிவை உணர்வதில்லை. ஆக்டிவிட்டி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் செயல்படு செறிவைத்தான் அது உணர்கிறது. கரைசலில் ஒவ்வொரு குளோரைடு அயனியைச் சுற்றியும் பொட்டாசியம் அயனிகள் சற்று அதிகமாகவே சூழ்ந்திருக்கின்றன; சந்தை நெரிசலில் நிற்பவர் கையை வீசி நடக்க முடியாததைப் போல, அந்த அயனியால் தனித்து இருக்கும்போது இருந்த அளவுக்கு வினையாற்ற முடிவதில்லை. கில்பர்ட் லூயிஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1907-இல் இந்தச் செயல்படு செறிவு என்னும் கருத்தை அறிமுகப்படுத்தினார். அது ஏன் குறைகிறது என்பதற்கான கணக்கை டிபை, ஹியூக்கெல் என்ற இரு அறிவியலாளர்கள் 1923-இல் தந்தார்கள். 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் இந்தக் குறைப்புக் கெழு 0.77; 0.01 மோலார் சில்வர் நைட்ரேட்டில் ஏறத்தாழ 0.90.

இப்போது கணக்கை மீண்டும் செய்து பாருங்கள். முதல் பீக்கரில் வெள்ளி அயனியின் செயல்படு செறிவு 0.0090. அதை 39 லட்சத்து 10 ஆயிரத்தால் வகுத்தால் 2.30 × 10⁻⁹. குளோரைடின் செயல்படு செறிவு 0.077. இரண்டையும் பெருக்கினால் 1.77 × 10⁻¹⁰. புத்தகத்தின் 1.8 இதுதான்; அந்த எண் செயல்படு செறிவுகளின் பெருக்கம் என்பதைப் பல செய்முறைக் கையேடுகள் எழுதாமல் விட்டுவிடுகின்றன. உங்களைத் திருத்தச் சொன்னவர் கேட்ட 0.399 வோல்ட், அயனிகள் ஒன்றையொன்று பொருட்படுத்தாத ஒரு கற்பனைக் கரைசலுக்கு உரிய எண்.

இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மடக்கையில் இருக்கும் ஒன்றை நாம் திரும்ப எடுக்கும்போது, மின்னழுத்தத்தில் ஏற்படும் ஒரு மில்லிவோல்ட் பிழை, விடையில் 4 விழுக்காடாகப் பெருகும். உப்புப்பாலத்தின் இரு முனைகளிலும் கரைசல்கள் சந்திக்கும் இடத்தில் எப்போதும் ஒரு சிறு மின்னழுத்தம் உருவாகிறது. ஓரிரு மில்லிவோல்ட் அதிலேயே போய்விடலாம். ஆகவே 1.77 என்பதில் கடைசி இலக்கத்தை நம்பாதீர்கள்.

நேரம் இருந்தால் இன்னொன்றையும் செய்து பாருங்கள். சில்வர் நைட்ரேட்டை 0.001 மோலாராகவும், பொட்டாசியம் குளோரைடை 0.01 மோலாராகவும் நீர்த்து அளந்தால் 0.277 அல்லது 0.278 வோல்ட் கிடைக்கும். திருத்தம் எதுவும் செய்யாமலேயே விடை 2.0 × 10⁻¹⁰ அளவுக்கு இறங்கும். இரண்டையும் 0.001 மோலாராக்கினால் 1.9-க்கு வரும். நீர்க்க நீர்க்க நெரிசல் குறைகிறது என்பதை உங்கள் வோல்ட்மீட்டரே காட்டிவிடும். இந்த மூன்று எண்களையும் செறிவின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைபடத்தில் குறித்து, கோட்டைச் சுழியம் வரை நீட்டிக் காட்டினால், எந்தத் தேர்வாளரும் மறுப்புச் சொல்ல முடியாது.

கேள்வி: உப்பு கரைவது ஆக்சிஜனேற்றமும் அல்ல, ஒடுக்கமும் அல்ல. வெள்ளி அயனி கரைவதற்கு முன்பும் நேர்மின் ஒன்று, கரைந்த பின்பும் நேர்மின் ஒன்று. எலக்ட்ரான் பரிமாற்றமே இல்லாத ஒரு நிகழ்வை மின்கலத்தால் எப்படி அளக்க முடியும்?
(பிளஸ் 2 மாணவர், தூத்துக்குடி)

பதில்: நல்ல கேள்வி, பாடத்தை மனப்பாடம் செய்தவருக்கு இது தோன்றவே தோன்றாது. கரைதல் ஒற்றை நிகழ்வாக ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினை அல்ல என்பது உண்மை. ஆனால் அதை இரண்டு அரைவினைகளாகப் பிரித்து, இரண்டையும் வெவ்வேறு பீக்கர்களில் நடக்க விடலாம். ஒரு பக்கத்தில் வெள்ளிக் கம்பியின் அணு ஒன்று எலக்ட்ரானைக் கம்பியிலேயே விட்டுவிட்டு வெள்ளி அயனியாகக் கரைசலுக்குள் இறங்குகிறது. மறுபக்கத்தில், கம்பியின் மேல் பூச்சாகப் படிந்திருக்கும் சில்வர் குளோரைடு அந்த எலக்ட்ரானைப் பெற்று, வெள்ளி உலோகமாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிகிறது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: உலோக வெள்ளி இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது, எலக்ட்ரானும் அடிபட்டுப் போகிறது, மிஞ்சுவது, திண்மச் சில்வர் குளோரைடு வெள்ளி அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்தது மட்டுமே. எலக்ட்ரான் வெளிக்கம்பி வழியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. அது சுற்றி வரும் அந்த வழியில்தான் நாம் வோல்ட்மீட்டரை வைக்கிறோம்.

அட்டவணைகளில் உள்ள திட்ட மின்முனை அழுத்தங்களை (அயனிகள் ஒரு மோலார் அளவில் இருக்கும்போது, ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட்டு ஒவ்வொரு மின்முனைக்கும் குறித்த மின்னழுத்தங்களை) கொண்டே இதைக் கணக்கிடலாம். வெள்ளி அயனி–வெள்ளி மின்முனைக்கு 0.7996 வோல்ட். சில்வர் குளோரைடு–வெள்ளி மின்முனைக்கு 0.2223 வோல்ட். ஒடுக்கம் நடக்கும் பக்கத்திலிருந்து ஆக்சிஜனேற்றம் நடக்கும் பக்கத்தைக் கழிக்க வேண்டும்; ஆகவே 0.2223-இலிருந்து 0.7996-ஐக் கழித்தால் −0.5773. இதை 0.05916-ஆல் வகுத்தால் −9.758, அதை 10-இன் அடுக்காக்கினால் 1.75 × 10⁻¹⁰. ஒரு பீக்கரும் கழுவாமல் கிடைத்த விடை இது.

எதிர்க்குறியைக் கண்டு பதற வேண்டியதில்லை. இரு அயனிகளும் ஒரு மோலார் அளவில் இருக்கும் நிலையில் இந்த மின்கலத்தைக் கட்டினால், வினை நாம் எழுதிய திசைக்கு எதிராக, அதாவது வீழ்படிவு உண்டாகும் திசையில் ஓடும் என்பதே அதன் பொருள். ஒரு மோல் சில்வர் குளோரைடை அந்த நிலைக்குக் கரைக்க ஏறத்தாழ 55.7 கிலோஜூல் கட்டிலா ஆற்றலை (வேலையாக மாறக்கூடிய ஆற்றலை) நாம் கொடுத்தாக வேண்டும். தேர்வில் அவசரத்தில் கழித்தலைத் தலைகீழாகச் செய்து, கரைதிறன் பெருக்கம் 5.7 × 10⁹ என்று எழுதி வைப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பீக்கரின் அடியில் வெள்ளை வெளேரென்று படிந்து கிடக்கும் ஓர் உப்புக்கு அப்படியோர் எண் இருக்க முடியுமா என்று ஒரு கணம் யோசித்தால் போதும்.

இதே வழியில் சில்வர் புரோமைடின் 0.0713 வோல்ட்டை எடுத்தால் 10⁻¹³ வரிசையில் 4.9-ம், சில்வர் அயோடைடின் −0.1522 வோல்ட்டை எடுத்தால் 10⁻¹⁷ வரிசையில் 8.1-ம் கிடைக்கும். மெர்குரஸ் குளோரைடு மட்டும் ஒரு பொறி. அதில் பாதரச அயனி இரட்டையாக, இரண்டு அணுக்கள் கைகோத்து, நேர்மின் இரண்டு பெற்று நிற்கும். பரிமாறப்படும் எலக்ட்ரானும் இரண்டு. 0.2681-இலிருந்து 0.7973-ஐக் கழித்து, இரண்டால் பெருக்கிய பிறகே 0.05916-ஆல் வகுக்க வேண்டும். விடை 1.3 × 10⁻¹⁸. இரண்டால் பெருக்க மறந்தால் 10⁻⁹ வரிசையில் ஒரு விடை வரும்; அது பார்ப்பதற்கு நியாயமான எண்ணாகத் தோன்றுவதுதான் ஆபத்து.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். எங்கள் காலத்தில் வெஸ்டன் திட்ட மின்கலத்தை வைத்துப் பொட்டென்ஷியோமீட்டரைச் சரிபார்த்து இதே சோதனையைச் செய்வோம். ஏப்ரல், மே மாதங்களில் செய்யும்போது விடை எப்போதும் புத்தகத்தை விடக் கூடுதலாகவே வரும். கருவியின் மீதுதான் பழி போடுவோம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஐயம் தீரவில்லை.
(வாசகர், வேலூர்)

பதில்: வேலூர் வெயிலின் மீது போட வேண்டிய பழியைக் கருவியின் மீது போட்டுவிட்டீர்கள், ஐயா. வெஸ்டன் மின்கலம் 20 டிகிரியில் 1.0183 வோல்ட் என்ற நிலையான மதிப்பைத் தருவது. வெப்பநிலை மாறினாலும் அதன் மதிப்பு மிகச் சிறிதளவே மாறும் என்பதால்தான் அதைத் திட்டமாகக் கொண்டார்கள். மாறியது கருவியல்ல, உப்பு.

சில்வர் குளோரைடு கரைவது வெப்பத்தை உறிஞ்சும் நிகழ்வு. ஒரு மோலுக்கு ஏறத்தாழ 65 கிலோஜூல் தேவைப்படுகிறது. இது கணிசமான அளவு. வெப்பநிலையோடு இத்தகைய பெருக்கம் எப்படி மாறும் என்று சொல்லும் வாண்ட் ஹாஃப் சமன்பாட்டில் அதை வைத்துக் கணக்கிட்டால், 25 டிகிரியில் 1.8 × 10⁻¹⁰ ஆக இருக்கும் கரைதிறன் பெருக்கம், 30 டிகிரியில் அதைப்போல் ஒன்றரை மடங்காகவும், 32 டிகிரியில் 1.8 மடங்காகவும் உயர்ந்து, 3.2 × 10⁻¹⁰-ஐ எட்டிவிடும். ஏழு டிகிரிக்குள் ஏறத்தாழ இரு மடங்கு. இதற்கு மேல், நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின் 0.05916 என்ற எண்ணும் 25 டிகிரிக்கு மட்டுமே உரியது. 30 டிகிரியில் அது 0.06015, 32 டிகிரியில் 0.06055. மே மாதத்தில் எடுத்த ரீடிங்கை 0.05916-ஆல் வகுத்திருந்தால், விகிதம் உள்ளதைவிடப் பெரிதாகக் கணக்காகி, கரைதிறன் பெருக்கம் குறைவாகக் காட்டப்பட்டிருக்கும். அதாவது இந்தப் பிழை, வெப்பத்தால் வந்த உயர்வை ஓரளவு மறைத்திருக்கிறது. அப்படியும் உங்கள் விடை புத்தகத்தை மீறி நின்றிருக்கிறது என்றால், உயர்வு அவ்வளவு பெரியது.

"அறை வெப்பநிலை" என்று எழுதி 25 டிகிரியைக் கணக்கில் வைக்கும் வழக்கம் குளிர்நாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்தது. நம் ஆய்வகங்களில் அது மார்கழி காலை நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். பதிவேட்டில் "அறை வெப்பநிலை" என்று எழுதுவதற்குப் பதில் வெப்பமானியைப் பார்த்து எண்ணை எழுதச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: நான் கல்லூரி ஆய்வக உதவியாளர். பொட்டாசியம் குளோரைடு கலந்த அகர் ஜெல்லை வளைந்த கண்ணாடிக் குழாயில் நிரப்பி உப்புப்பாலம் தயாரித்து வைக்கிறேன். மற்ற மின்கலங்களில் நன்றாக வேலை செய்யும் அதே பாலம், சில்வர் நைட்ரேட் பீக்கரில் வைத்ததும் ரீடிங் நிலையாக நிற்பதில்லை.
(வாசகர், திருச்சி)

பதில்: பாலத்தைத் தூக்கி அதன் நுனியைப் பாருங்கள். உப்புப் பகுப்பாய்வில் பிள்ளைகள் "தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு" என்று எழுதுவார்களே, அதுவே ஜெல்லின் வாயில் அடைத்துக்கொண்டிருக்கும். சற்று நேரம் வெளிச்சத்தில் இருந்தால் அது ஊதா கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறியும் இருக்கும். பாலத்தின் குளோரைடும் பீக்கரின் வெள்ளியும் சந்தித்த இடத்தில், நீங்கள் அளக்க விரும்பிய உப்பே உருவாகி வழியை மறித்துவிட்டது. பொட்டாசியம் நைட்ரேட் அல்லது அம்மோனியம் நைட்ரேட் கொண்டு பாலத்தைத் தயாரியுங்கள். சில்வர் உப்புகளுக்கென ஒரு தனிப் பாலத்தை ஒதுக்கிப் பெயர்ச் சீட்டு ஒட்டி வைப்பது நல்லது.

கூடவே ஒன்று: முள் நகரும் பழைய வோல்ட்மீட்டரைப் பயன்படுத்தினால், அது கணிசமான மின்னோட்டத்தை இழுத்து, தான் அளக்கும் மின்னழுத்தத்தைத் தானே குறைத்துவிடும். வழக்கமான டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருப்பதால், இந்தச் சோதனைக்கு அது போதும்.

கேள்வி: இவ்வளவு சுற்றி வளைப்பதற்குப் பதில், தெவிட்டிய கரைசலை வடிகட்டி, ஆவியாக்கி, எஞ்சும் உப்பை எடை போட்டு, கரைதிறனைக் கண்டுவிட முடியாதா? மின்கல முறை எல்லா உப்புகளுக்கும் பொருந்துமா? குறிப்பாகப் பேரியம் சல்பேட்டுக்கு?
(எம்.எஸ்ஸி. மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: எடை போடலாம், எடை போடும் அளவுக்கு உப்பு இருந்தால். தூய நீரில் ஒரு லிட்டருக்குச் சில்வர் குளோரைடு கரைவது 2 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. சில்வர் அயோடைடு என்றால் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம்தான். அதை எடை போடுவதற்குள் பீக்கரின் சுவரில் ஒட்டிய தூசு கூடுதல் எடையைக் காட்டிவிடும். மின்கலத்தின் வலிமை இங்கேதான் தெரிகிறது. செறிவு பத்தில் ஒன்றாகக் குறையும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். 10⁻² ஆனாலும் 10⁻⁹ ஆனாலும் அந்த 59 மில்லிவோல்ட் அப்படியே இருக்கும். வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-இல், லைப்சிக் நகரில் வேதியியலாளர் ஓஸ்ட்வால்டிடம் உதவியாளராக இருந்த 25 வயதில், மின்முனை அழுத்தத்தையும் செறிவையும் இணைத்த அதே ஆண்டில், உப்புகள் ஒன்றின் கரைதிறனை மற்றொன்று எப்படிப் பாதிக்கிறது என்பதைப் பற்றியும் எழுதினார். இந்த இரு பொருள்களும் ஒருவர் கையிலேயே பிறந்தவை என்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

எடை போடுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இது பலர் கவனிக்காதது. 0.1 மோலார் குளோரைடுக் கரைசலில் தனித்து நிற்கும் வெள்ளி அயனி 10⁻⁹ வரிசையில்தான் இருக்கும். ஆனால் இரண்டு குளோரைடுகளைச் சேர்த்துக்கொண்டு அணைவு அயனியாக மாறிய வெள்ளி 10⁻⁶ வரிசையில், அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடுதலாக, அதே கரைசலில் இருக்கும். கரைந்த வெள்ளி முழுவதையும் வேறு முறையில் அளந்து 0.1-ஆல் பெருக்கினால், கரைதிறன் பெருக்கம் 10⁻⁷ என்று வந்து நிற்கும். வெள்ளிக் கம்பி அணைவு அயனியைக் கணக்கில் எடுப்பதில்லை. தனித்த அயனியை மட்டுமே அது உணர்கிறது. கரைதிறன் பெருக்கமும் அதையே கேட்கிறது. கரைதிறன் வேறு, கரைதிறன் பெருக்கம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

பேரியம் சல்பேட்டைப் பொறுத்தவரை விடை ஏமாற்றம் தருவது. பேரியம் உலோகத்தை நீரில் அமிழ்த்தினால் அது மின்முனையாக நிற்காது. நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிட்டுக் கரைந்துவிடும். சரி, சல்பேட் பக்கத்திலிருந்து அணுகலாம், ஈயத்தின் மேல் லெட் சல்பேட் பூசிய மின்முனையை வைக்கலாம் என்று தோன்றும். அதுவும் நடக்காது. லெட் சல்பேட் பேரியம் சல்பேட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கரையக்கூடியது. அது வெளியிடும் சல்பேட்டே பேரியம் சல்பேட் தரும் சல்பேட்டை மூழ்கடித்துவிடும். அளக்கப் போகும் உப்பைவிட மின்முனையின் பூச்சு குறைவாகக் கரைய வேண்டும் என்பது இந்த முறையின் எழுதப்படாத விதி. பேரியம் சல்பேட்டுக்கு, கரைசல் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளக்கும் மின்கடத்துத்திறன் முறையே ஏற்றது. வெள்ளி, ஈயம், செம்பு, பாதரசம் போன்று நீரில் அமைதியாக நிற்கும் உலோகங்களின் உப்புகளுக்கு மின்கல முறை நன்கு பொருந்தும்.

உலோகமே வேண்டாத ஒரு வழியும் உண்டு. 1966-இல் ஃபிரான்ட், ராஸ் என்ற இருவர், லாந்தனம் ஃபுளூரைடுப் படிகத்தை மெல்லிய சவ்வாக வைத்து, ஃபுளூரைடு அயனியை மட்டும் உணரும் மின்முனையை உருவாக்கினார்கள். கால்சியம் ஃபுளூரைடை நீரில் ஓர் இரவு முழுதும் கலக்கித் தெவிட்டச் செய்து, இந்த மின்முனையால் ஃபுளூரைடை அளந்தால் ஏறத்தாழ 4.1 × 10⁻⁴ மோலார் வரும். கால்சியம் அதில் பாதி. கால்சியத்தை ஒரு முறையும் ஃபுளூரைடை இரு முறையும் பெருக்கினால் 3.5 × 10⁻¹¹ கிடைக்கும். ஆக்டிவிட்டித் திருத்தம் இங்கும் சிறிதளவு தேவைப்படும். ஒரு மில்லிவோல்ட் பிழை, மும்மடிப் பெருக்கம் காரணமாக, இதில் 12 விழுக்காடாக உருவெடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த 4.1 × 10⁻⁴ மோலார் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஃபுளூரைடு. குடிநீரில் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்கும் அளவு 1.5 மில்லிகிராம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதை அறிந்தவர்களுக்கு, நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளூரைடு ஓர் அளவுக்கு மேல் ஏற முடியாது என்பதும், கால்சியம் குறைந்த கிணறுகளில் அந்தத் தடை தளர்ந்துவிடுகிறது என்பதும் இந்த ஒற்றைப் பெருக்கல் கணக்கிலிருந்தே விளங்கும்.

கேள்வி: சோதனை முடிந்ததும் சில்வர் நைட்ரேட் கரைசலைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறோம். விலையை நினைத்தால் மனம் வலிக்கிறது. மீட்க வழி உண்டா?
(வேதியியல் ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: ஒரு பழுப்பு நிறப் புட்டியை ஒதுக்கி, எல்லாக் குழுக்களின் மிச்சத்தையும் அதில் சேர்த்து, சாப்பாட்டு உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். வெள்ளி முழுவதும் சில்வர் குளோரைடாக அடியில் படியும். மேல்நீரை இறுத்துவிட்டு, நீர்த்த கந்தக அமிலத்தையும் துத்தநாகத் துண்டுகளையும் போட்டால், வெண்ணிற வீழ்படிவு ஓரிரு நாளில் சாம்பல் நிற வெள்ளித் தூளாக மாறிவிடும். துத்தநாகம் முழுவதும் கரைந்த பின் கழுவி உலர்த்தி வையுங்கள். ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் புட்டியை இறுக மூடக்கூடாது. அம்மோனியா சேர்த்த வெள்ளிக் கரைசலை மட்டும் எக்காரணம் கொண்டும் அந்தப் புட்டியில் ஊற்றாதீர்கள். வைத்திருக்க வைத்திருக்க, தொட்டாலே வெடிக்கும் ஒரு கறுப்புப் படிவு அதில் உருவாகக்கூடும். அம்மோனியா சேர்த்த வெள்ளிக் கரைசலான டாலன்ஸ் கரணி மிஞ்சினால் அன்றே அமிலமாக்கி அழித்துவிட வேண்டும்.